மாப்பிள்ளை சொல்ல வந்தது

ஏப்ரல் 23, புதன். மஸ்கட்.

திருவனந்தபுரத்தில் விமானம் கிளம்பத் தாமதம். சாப்பிடக் கொடுத்த உப்புமாவில் உப்பு இல்லை. மாப்பிள்ளை நயினார் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. புதுச் சட்டை.

"பிரயாணம் சௌரியமா இருந்துதா மாமா? அத்தை கால்வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியை வாங்கிக்கொண்டார்.

வீடு சுத்தமாக இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் தனி ஆளின் வீடு மாதிரி இல்லை. கூடத்தில் எங்கள் மகள் காந்திமதியின் படம். அதில் இன்று கட்டிய மாலை. இதே வீட்டில்தான் தலை வலிக்கிறது என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். இரண்டு வருடம் ஆகிறது. பேத்தி ஆதிரைக்கு அப்போது மூன்று வயது. அன்றிலிருந்து பாளையங்கோட்டையில் எங்களிடம்தான் வளர்கிறாள்.

ராத்திரிச் சாப்பாடு டிபன் கேரியரில் வந்தது. யார் கொடுத்தது என்று கேட்டேன். "தெரிஞ்சவங்க மாமா" என்றார். சாம்பாரில் புளி தூக்கல். மற்றபடி நன்றாக இருந்தது. பிரஷர் மாத்திரை போட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன். கடற்கரை விடுதி.

காலையில் கிளம்பி நாள் முழுக்கக் கார் பயணம். தெற்கே போகப் போக ஊர்கள் குறைந்து, மரங்கள் குறைந்து, கடைசியில் தார் ரோடும் நின்றுவிட்டது. முதுகு வலி.

கரையில் நின்று தூண்டில் போடுவதில் மாப்பிள்ளைக்குப் பைத்தியம். படகு கிடையாது. அலைக்குள் முழங்கால் அளவு இறங்கி, ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்கு நீளக் கம்பால் இரையையும் ஈயக்கட்டியையும் தூர வீசிவிட்டு, மீன் கடிக்கும்வரை நிற்க வேண்டும். இதற்கென்றே இந்த நாட்டின் கடலோரத்தில் விடுதிகள் இருக்கின்றன. நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். திருச்செந்தூர் போனால் கால் நனைப்பேன். கடலோடு அவ்வளவுதான் பழக்கம். என்னை எதற்குக் கூப்பிட்டார் என்றால், "ரெண்டு பேரும் உக்காந்து பேசி நாளாச்சு மாமா, ஒரு வாரம் வாங்க" என்றார். டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டார்.

எனக்கும் அவரிடம் பேச வேண்டியது இருக்கிறது. ஜூனில் ஆதிரை ஒன்றாம் வகுப்பு. கான்வென்ட்டில் இடம் கேட்டு வைத்துவிட்டேன். படிப்பு முடியும்வரை பிள்ளை எங்களிடமே இருக்கட்டும் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் எனக்கு நிம்மதி. ஷிப்டு வேலைக்காரர் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? என் மனைவி பகவதியிடம் இதைச் சொன்னபோது அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது மட்டும், "மொதல்ல அவரு என்ன சொல்லுதாருன்னு கேட்டுக்கிடுங்க. நீங்க பாட்டுக்குப் பேசிறாதீங்க" என்றாள். எனக்குக் கோபம் வரும் என்று அவளுக்கு எப்போதும் பயம்.

வழியில் மாப்பிள்ளை, "ஆதிரை விசயமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். ஒட்டகம் நிற்கிறது, ரோட்டைப் பாருங்கள் என்றேன். ஒட்டகம் தூரத்தில்தான் நின்றது. இருந்தாலும் கவனம் வேண்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி.

விடுதி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வரிசையாகச் சில அறைகள், ஒரு சாப்பாட்டுக் கூடம். பின்னால் மொட்டை மலை. முன்னால் மணலும் கடலும். இரண்டுக்கும் முடிவு தெரியவில்லை. கொல்லத்துக்காரர் பைஜு என்பவர்தான் நிர்வாகம், சமையல் எல்லாம். மற்ற விருந்தாளிகள் போய்விட்டார்கள். தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் கடலில் கால் வைக்க முடியாதாம். அதனால் மூன்று மாதம் விடுதியை மூடிவிடுவார்களாம். இந்த வருடத்துக்கு நாங்கள்தான் கடைசி.

"இந்த வருசம் காற்று நேரத்தே வந்து சாரே" என்றார் பைஜு. "மீன் கிட்டியா பாக்கியம்." காற்று முன்னதாகவே வந்துவிட்டது, மீன் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்கிறார்.

மாப்பிள்ளை எனக்கு ஒரு கம்பு கொடுத்து வீசக் கற்றுக்கொடுத்தார். முதல் வீச்சில் ஈயக்கட்டி எனக்குப் பின்னால் மணலில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகத் திரும்பத் திரும்பக் காட்டினார். இரைக்குச் சாளை மீனும் கணவாயும். காலையிலிருந்து மத்தியானம்வரை நின்றோம். ஒன்றும் கடிக்கவில்லை. கணவாயை மட்டும் நண்டு தின்றிருந்தது.

சாயங்காலம் டீ குடிக்கும்போது மாப்பிள்ளை நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்லன்னு தெரியல" என்றார். அந்த நேரம் பார்த்து விளக்கு மினுக்கியது. எழுந்துபோய் சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்தேன். நியூட்ரல் லூசாக இருக்கிறது. எர்த் கம்பி எங்கும் போகாமல் சும்மா தொங்குகிறது. ஆள் தங்கும் இடத்தில் இப்படியா வைத்திருப்பார்கள்? பைஜுவிடம் ஸ்குரூடிரைவர் வாங்கி இருட்டும்வரை வேலை பார்த்தேன். மாப்பிள்ளை டார்ச் பிடித்தார்.

ஏப்ரல் 26, சனி.

காற்று. மீன் இல்லை. தண்ணீர் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு.

போன் பேச வேண்டுமென்றால் பின்னாலிருக்கும் மலையில் பாதி ஏற வேண்டும். அங்கேதான் சிக்னல். காலையில் நான் மட்டும் ஏறினேன். பகவதி வீடியோவில் வந்தாள். ஆதிரை அவள் மடியில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் மூச்சிரைப்பு நின்றுவிட்டது.

"தாத்தா, பெரிய மீன் புடிச்சியா?"

"இன்னும் இல்லடா."

"அப்பா சொல்லிட்டாங்களா?"

"என்னத்தடா?"

பகவதி போனைத் திருப்பிக்கொண்டாள். திரையில் மின்விசிறிதான் தெரிந்தது. "தோசை தீயுது, நீங்க மாத்திர போட்டியளா? சரி, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டாள். தோசைதான் ஏற்கெனவே தட்டில் இருந்ததே. இன்னொன்று ஊற்றியிருப்பாள்.

அப்பா என்ன சொல்லவேண்டும் என்று பிள்ளை கேட்டாள் என்று தெரியவில்லை. ஏதாவது பொம்மை கேட்டிருப்பாள்.

பிற்பகல் கடலுக்குப் போகவில்லை. எல்லா அறைகளிலும் பிளக் பாயின்ட்டுகளைச் சரிபார்த்தேன். பைஜு, "சாரே, நிங்ஙள் விருந்தாளி அல்லே, ரெஸ்ட் எடுக்கூ" என்றார். மாப்பிள்ளை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு தனியாகக் கரைக்குப் போனார்.

ஏப்ரல் 28, திங்கள்.

என் வயசுக்கு இன்றுதான் முதல் மீன் மாட்டியது.

காலை பத்து மணி இருக்கும். கம்பு நுனி வெடுக்கென்று வளைந்தது. மாப்பிள்ளை தூரத்திலிருந்து ஓடிவந்தார். "கம்பத் தூக்குங்க மாமா! எறக்காதீங்க! சுத்துங்க, சுத்துங்க!" அலை ஒன்று வந்து இடுப்புவரை அடித்தது. அவர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ரீலைச் சுற்றச் சுற்ற அந்தப் பக்கம் ஓர் உயிர் இழுக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காந்திமதி போனபிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது இன்றுதான் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையும் சிரித்தார்.

வந்தது கெளுத்தி. கை நீளத்துக்கு மேல் இருக்கும். மாப்பிள்ளை "தொடாதீங்க மாமா" என்று சொல்வதற்குள் நான் குனிந்து அதை எடுத்துவிட்டேன். இடது கைப் பெருவிரலுக்குக் கீழே அதன் முள் இறங்கிவிட்டது. சர்வீஸில் எத்தனையோ தடவை ஷாக் வாங்கியிருக்கிறேன். இந்த வலி வேறு. தோள்வரை ஏறியது. கண் இருட்டியது.

பைஜு ஒரு வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, பொறுக்கிற சூட்டில் கையை முக்கி வைக்கச் சொன்னார். சூடுதான் விஷத்தை முறிக்குமாம், ஆறினால் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டுமாம். சாப்பாட்டுக் கூடத்தில் வாளியை மேசைமேல் வைத்து, கையை உள்ளே விட்டு உட்கார்ந்தேன். எழுந்து போக வழியில்லை. மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்தார்.

"இப்பவாச்சும் கேளுங்க மாமா."

"தண்ணி ஆறிட்டு" என்றேன்.

பைஜு இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

"நான் கல்யாணம் பண்ணிக்கிடலாம்னு இருக்கேன். பிரதீபான்னு பேரு. மதுரைப் பக்கம். இங்க ஸ்கூல்ல டீச்சரா இருக்கா. அவளுக்கும் ஒரு தடவ கல்யாணமாகி, ஒத்துவராமப் பிரிஞ்சுட்டாங்க."

"அந்தச் சாம்பார்" என்றேன்.

"ஆமா மாமா."

எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அதை அப்படியே சொன்னேன். உங்களுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, தனியாக எத்தனை நாள் இருப்பீர்கள், தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், நானே முன்னால் நின்று நடத்திவைக்கிறேன் என்றேன். பெரிய மனுஷன் மாதிரிப் பேசினேன். "புதுசாக் குடும்பம் நடத்தப் போறீங்க. எடையில பிள்ள எதுக்கு? அவ எங்ககிட்டயே இருக்கட்டும். நல்லாப் படிக்க வைக்கேன்" என்றேன். வாங்க வேண்டிய வார்த்தை இவ்வளவு சுலபமாக வரப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதான் மாமா சொல்ல வந்தது. ஜூன்ல பிள்ளய நாங்க கூட்டிட்டு வந்துருதோம். பிரதீபா ஸ்கூல்லயே இடம் சொல்லி வச்சாச்சு."

கை வலித்தது. சூடா முள்ளா தெரியவில்லை.

நான் முதலில் பத்தாம் வகுப்புவரை கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். சரி, ஐந்தாம் வகுப்பு முடியட்டும், பிள்ளைக்கு விவரம் தெரியட்டும் என்றேன். "ஒரு வருசம் குடுங்க மாப்ளே. ஒண்ணாங் கிளாசு மட்டும். அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன்.

"வேண்டாம் மாமா. இன்னும் பெரிசானா அவளுக்குத்தான் கஷ்டம். அவ எம் பிள்ள மாமா."

அதன்பிறகு நான் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். "எம் மகள உசுரோட ஒங்க வீட்டுக்கு அனுப்புனேன். நீங்க பெட்டியில வச்சுத் திருப்பி அனுப்புனீங்க. இப்பப் பிள்ளையும் வேணுமோ?"

மாப்பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் எழுந்து வெளியே போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கெண்டியில் வெந்நீரோடு வந்தார். "தண்ணி மாத்தணும் மாமா" என்று என் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். துண்டால் மணிக்கட்டைத் துடைத்தார். "அத்தைகிட்ட பேசுங்க" என்றார்.

கெளுத்தியை பைஜு என்ன செய்தார் என்று தெரியவில்லை. மதியம் பருப்புதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்.

இடது கை வீங்கியிருக்கிறது. வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 30, புதன்.

காலையில் மலை ஏறினேன். பகவதியை வைத்து மாப்பிள்ளையிடம் பேசவைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். அவள் அழுதால் அவர் தாங்கமாட்டார். காந்திமதியின் காரியம் நடந்தபோது இவளைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நாந்தாங்க அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பிள்ளய வந்து கூட்டிட்டுப் போங்கன்னு."

காற்றில் சரியாகக் காதில் விழவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். எதிர்ப்பக்கம் கூடப் படிக்கிற பிள்ளை ஒன்று நின்றதாம். ஆதிரை கையை உதறிவிட்டு ரோட்டுக்குள் ஓடிவிட்டாள். ஆட்டோக்காரர் பிரேக் போட்டு, வண்டி பிள்ளையின் மேல் உரசாத குறையாக நின்றிருக்கிறது.

"எனக்குக் கால் எந்திரிக்கலங்க. நின்ன எடத்துலயே நிக்கேன். கூப்பிடக்கூடச் சத்தம் வரல. அந்த ஆட்டோக்காரன் பிள்ளயத் தூக்கிட்டு வந்து எங் கையில குடுத்துட்டு, முடியாதவங்க எதுக்கும்மா பிள்ளயக் கூட்டிட்டு வாரீங்கன்னு ஏசிட்டுப் போறான். அவன் ஏசுனது நியாயந்தான?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க? என்னய வெளிய போவாதேம்பீங்க. பிள்ளய வாசலத் தாண்ட விடாதேம்பீங்க. ஏற்கெனவே அது சைக்கிள் கேட்டதுக்கு வேண்டாம்னுட்டீங்க. நமக்கு என்ன வயசுங்க? அது பத்தாவது முடிக்கையில நம்ம ரெண்டு பேருல யாரு இருப்பா?"

பக்கத்திலிருந்த பாறையில் உட்கார்ந்தேன்.

"அவரு மொதல்ல மாட்டேன்னாரு. மாமா தாங்க மாட்டாங்க அத்தை, அங்கயே இருக்கட்டும்னாரு. நாந்தான் கெஞ்சினேன். அந்தப் பொண்ண நெனைக்கிறதக்கூட அப்பத்தான் சொன்னாரு. அவ பிள்ளகிட்ட தெனம் பேசுதா. பிள்ளைக்கும் அவளப் பிடிச்சுப்போச்சு. நாஞ் சொன்னேன்னு ஒங்களுக்குத் தெரியவேண்டாம், தானே கேட்டதா இருக்கட்டும்னு அவருதான் சொன்னாரு. என்னய ஏசுங்க. அவர ஒண்ணும் ஏசிறாதீங்க."

"ஏசிட்டேன்" என்றேன்.

அவள் அழுதாள். பிள்ளையின் துணிகளைப் பிரித்து எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். சிறிதாகிப்போன கவுன்கள் நிறைய இருக்கிறதாம். யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டாள்.

பிள்ளை தினமும் போனில் பேசியதை நான் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்? மத்தியானம் நான் தூங்கும் நேரமாக இருக்கும்.

இறங்கிவந்தபோது மாப்பிள்ளை கரையில் இரைக்குச் சாளை நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து கத்தியை வாங்கி நானும் நறுக்கினேன். ஒரு கையால் நறுக்குவது சிரமம். அவர் மீனின் வாலைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். "சாளை நாறுது, ஐஸ் போடலையா" என்று கேட்டேன். "போட்டேன் மாமா" என்றார்.

மே 1, வியாழன்.

காற்று முழுதாகப் பிடித்துவிட்டது. கடல் சாம்பல் நிறத்தில் புரள்கிறது. மணல் பறந்து கண்ணில் விழுகிறது. பைஜு அறை அறையாக மெத்தைகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை எல்லோரும் கிளம்புகிறோம்.

மாப்பிள்ளை கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்று இறங்கினார். நானும் கூடப் போய் நின்றேன். பேசினால் காற்றில் கத்தவேண்டியிருந்தது. ஒருவேளை அதனால்தான் பேச முடிந்ததோ என்னவோ.

"வீட்டோட ஒரு ஆள் வச்சுக்கிடுதேன் மாப்ளே. அத்தைக்குத் தொணையா. பிள்ளயக் கூட்டிட்டுப் போவ, வர" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பகவதி சொல்லிவிட்டாள் என்று புரிந்துகொண்டார்.

"அத்தைக்குத் தொணைக்கு ஆள் வைங்க மாமா. கட்டாயம் வைங்க" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, நான் மஸ்கட்டில் வந்து மூன்று மாதம் இருந்தால் என்ன என்று கேட்டேன். பிள்ளைக்குப் புது இடம், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லதுதானே?

"வாங்க மாமா. ஒங்க வீடுதான" என்றார். பிறகு, "அவ கொஞ்சம் பழகிக்கிடட்டும். டிசம்பர் வாக்குல வாங்க" என்றார்.

டிசம்பர் என்று தலையாட்டினேன்.

"காந்திமதிய மறக்கடிச்சிறாதீங்க" என்றேன். அவர், "அந்தப் படத்துக்குத் தெனம் மாலை போடுததே பிரதீபாதான் மாமா" என்றார். அதைக் கேட்டால் மனசு ஆறும் என்று நினைத்துச் சொன்னார். அந்த வீட்டில் என் மகளுக்குச் செய்யும் வேலையும் இன்னொருத்தி கைக்குப் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்தது தப்பு.

அப்போது அவருடைய கம்பு வளைந்தது. பெரிய மீன். ரீல் அலறியது. கரையோரமாக அதன் போக்கில் ஓடினார், நின்றார், பின்னால் சாய்ந்து இழுத்தார். ஒருமுறை அலை முதுகில் கத்தாழை மீனின் வெள்ளி உடம்பு புரண்டதைப் பார்த்தேன். அந்த நிமிடம் எனக்கு அந்த மீன் வேண்டும் போலிருந்தது. அவருக்குக் கிடைக்க வேண்டும், இந்த ஒரு வாரத்துக்கு ஏதாவது ஒன்று கையில் வரவேண்டும் என்று வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டேன். தூண்டில் நரம்பு அறுந்துவிட்டது. மாப்பிள்ளை மணலில் உட்கார்ந்து மீதி நரம்பை ரீலில் சுற்றினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் நனைந்திருந்தோம்.

"அன்னைக்கு நாஞ் சொன்னத மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றேன்.

"நானும் அதத்தான் தெனம் என்னயக் கேட்டுக்கிடுதேன் மாமா" என்றார். "பெட்டியில வச்சுத் திருப்பி அனுப்பிட்டேனேன்னு."

அவர் தோளில் கைவைத்தேன். வீங்கிய கை. வலித்தது. எடுக்கவில்லை.

மே 2, வெள்ளி. மஸ்கட்.

இரவு எட்டு மணிக்கு வந்து சேர்ந்தோம். அந்தப் பெண் பிரதீபா வீட்டில் இருந்தாள். மாநிறம், கண்ணாடி. என் காலில் விழுந்து எழுந்தாள். என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னும் வீக்கம் வத்தலையே அப்பா, டாக்டர்கிட்ட போவோமா?" என்றாள். கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் ஊருக்குப் போய்ப் பகவதியிடம் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

வேண்டாம்மா, இங்கே புழுக்கம் ஜாஸ்தி என்றேன்.

மே 19, திங்கள். பாளையங்கோட்டை.

கான்வென்ட்டுக்குப் போய் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். காரணம் கேட்டார்கள். அப்பா கூட்டிப்போகிறார் என்றேன். நல்லது என்றார்கள். பேங்க்கில் பார்த்த பழைய சகா நல்லது என்றார். எதிர் வீட்டு அம்மாவும் நல்லது என்றாள். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

திரும்பும் வழியில் ஆதிரைக்கு சைக்கிள் வாங்கினேன். சிவப்பு. இருபது நாள் ஓட்டலாம்.

மே 27, செவ்வாய்.

பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் சிராய்ப்பு. அழவில்லை. மருந்து போடும்போது நான்தான் ஊதிக்கொண்டிருந்தேன். மழை இல்லை. மாத்திரை வாங்க வேண்டும்.

ஜூன் 7, சனி.

மாப்பிள்ளையும் பிரதீபாவும் மூன்று நாள் முன்பே வந்திருந்தார்கள். மதுரையில் கோயிலில் வைத்துத் தாலி கட்டி, பதிவும் செய்துவிட்டார்கள். நாங்கள் போகவில்லை. பகவதி சேலை எடுத்துக் கொடுத்தாள்.

இன்று அதிகாலை வாடகைக் கார் பிடித்துத் திருவனந்தபுரம் போனோம். பகவதியால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வரமுடியாது. வாசலிலேயே பிள்ளைக்குத் திருநீறு பூசி முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கார் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

பிள்ளை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். விமானத்தில் ஜன்னல் சீட்டு கிடைக்குமா, மேகம் கையில் படுமா என்று கேட்டாள். களியக்காவிளை தாண்டியதும் என் மடியில் தூங்கிவிட்டாள். அவள் விமான நிலையத்தில் அழுவாள், எப்படிச் சமாதானம் சொல்வது என்று நான் நாலைந்து நாளாக யோசித்து வைத்திருந்தேன். டிசம்பரில் தாத்தா வருவேன், அதற்குள் நீ நீச்சல் படித்து வை என்று சொல்லலாம் என்று.

அவள் அழவில்லை.

உள்ளே போகும் வாசலில் மாப்பிள்ளை என் காலைத் தொட்டார். பிரதீபா, "தெனம் காலையில பேசச் சொல்லுதேன் அப்பா" என்றாள். அவளுக்கும் நம் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆதிரை என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, "டாட்டா தாத்தா" என்று சொல்லி, பிரதீபாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பை முதுகில் ஆடிக்கொண்டு போனது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நகர்ந்து நகர்ந்து போய், அவர்கள் வரிசையில் நிற்பதையும், பெட்டிகளைக் கொடுப்பதையும், கடைசியில் மாடிக்கு ஏறும் படியில் போய் மறைவதையும் பார்த்தேன். மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிக் கை தூக்கினார். பிள்ளை ஓடுகிற படியில் ஏறும் சந்தோஷத்தில் இருந்தாள்.

வீட்டுக்கு வர மத்தியானம் இரண்டு ஆகிவிட்டது. பகவதி ரசமும் அப்பளமும் வைத்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து பரிமாறினாள்.

"பிள்ள அழுதாளா?"

"கொஞ்சம்."

"திரும்பிப் பாத்தாளா?"

"பாத்தா. கை காட்டுனா."

அவள் கரண்டியை ரசத்திலேயே வைத்துக்கொண்டு இருந்தாள்.

"எத்தன தடவ பாத்தா?"

"ரெண்டு தடவ" என்றேன்.

பகவதி தலையாட்டிக்கொண்டாள். எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.